18,000 ரூபாய் ரெஸ்யூமேவும் ஸ்டான்லி பக்கத்து ஜாப் டைப்பிங் கடையும்

18,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ரெஸ்யூமேவில் ‘பப்ளிக் ஹெல்த்’ என்ற இடத்தில் ஓர் எல் விடுபட்டிருந்தது. ஆங்கிலத்தில் அந்த எல் இல்லாவிட்டால் அது எந்த வார்த்தையாக மாறும் என்று டாக்டர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்கள் அகராதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் சரியான வார்த்தைதான் என்பதால் கம்ப்யூட்டர் அடியில் சிவப்புக் கோடு போடாது. அந்த ரெஸ்யூமேவை நான் நான்கு முறை படித்தேன், என் தம்பி படித்தான், எழுதிக் கொடுத்த நிறுவனத்தின் ‘சீனியர் எடிட்டர்’ படித்ததாகச் சொன்னார். கண்டுபிடித்தது பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. அதனால் இது இரண்டு விமர்சனம். நிறுவனத்தின் பெயரைப் போட மாட்டேன், கடைக்குச் சொல்லிக்கொள்ளும்படி பெயரே கிடையாது.

முதலில், ஒரு டாக்டருக்கு ரெஸ்யூமே எதற்கு என்று வீட்டில் கேட்ட மாதிரியே நீங்களும் கேட்பீர்கள். நம் ஊரில் தேவையில்லைதான். எம்.டி., எம்.எஸ். சேர நீட் பி.ஜி. எழுத வேண்டும், ரேங்க் வரும், கவுன்சிலிங்கில் அந்த ரேங்குக்குக் கிடைக்கும் சீட்டை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் யார், என்ன செய்தீர்கள், வார்டில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அஞ்சரை வருஷம் எம்.பி.பி.எஸ். படித்து முடிக்கிற வரைக்கும் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டிய அவசியம் எங்களில் யாருக்கும் வருவதில்லை. அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது அங்குள்ள மேற்படிப்புப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கும்போது இது அப்படியே தலைகீழாகிறது. அங்கே டாக்டர் உரிமத்துக்கான யூ.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளில் ஸ்டெப் 1 தேர்வுக்கு 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண்ணே கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும். ஸ்டெப் 2 சி.கே.வுக்கு மதிப்பெண் உண்டு என்றாலும் அது ஒன்றை வைத்து எடுத்துவிட மாட்டார்கள். நீ என்ன செய்திருக்கிறாய் என்று கேட்பார்கள். அங்கேதான் நான் முழித்தேன், 18,000 ரூபாயும் அங்கேதான் போனது.

நிறுவனம் ஆன்லைன்தான். வெப்சைட்டில் வெள்ளை கோட் போட்டுச் சிரிக்கும் முகங்கள், ‘மேட்ச் ஆவது உறுதி’ என்ற தொனியில் வரிகள் (ரெசிடென்சியில் இடம் கிடைப்பதைத்தான் மேட்ச் என்பார்கள்). பணம் கட்டியதும் ஒரு படிவம் அனுப்பினார்கள், அதில் என் பெயர், கல்லூரி, மதிப்பெண், ‘உங்கள் மூன்று பலங்கள்’ இதெல்லாம் கேட்டிருந்தது. பலம் என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘கடின உழைப்பு’ என்று போட்டேன். பத்து நாளில் இரண்டு பக்கம் வந்தது. பார்க்க அழகு, அதை மறுக்க முடியாது. இடதுபுறம் கருநீலப் பட்டை, அதற்குள் வட்டமாக என் போட்டோ, கீழே ‘டீம் ஒர்க்’, ‘லீடர்ஷிப்’ என்று எழுதி பக்கத்தில் பேட்டரி சார்ஜ் மாதிரி கோடுகள். டீம் ஒர்க் தொண்ணூறு சதவீதம் நிரம்பியிருந்தது. மிச்சப் பத்து எங்கே போனது என்று எனக்கு இன்னும் தெரியாது.

இந்த அழகு எதற்கும் பயன்படாது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அமெரிக்க ரெசிடென்சி விண்ணப்பம் பெரும்பாலும் போவது எராஸ் என்ற பொது இணையவழியில். அங்கே நாம் தயாரித்த ரெஸ்யூமேவை ஏற்றவே முடியாது. கட்டம் கட்டமாகக் கேட்பார்கள், நாம் நிரப்ப வேண்டும், அதிலிருந்து அவர்களே ஒரே அச்சில் எல்லோருக்கும் ஒரு விண்ணப்பத்தை உருவாக்கிக்கொள்வார்கள். ஹார்வர்டில் படித்தவனுக்கும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த எனக்கும் ஒரே எழுத்துரு. அனுபவங்களுக்கு மொத்தம் பத்து இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 750 எழுத்து, அதில் மூன்றை மட்டும் ‘எனக்கு முக்கியமானவை’ என்று குறித்து ஏன் என்று சொல்ல இன்னொரு 300 எழுத்து. எழுத்து என்றால் வார்த்தை இல்லை, இடைவெளி, காற்புள்ளி எல்லாம் சேர்த்து 750. கருநீலப் பட்டைக்கு அங்கே எங்கே இடம்?

அப்படியானால் காகித ரெஸ்யூமே வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும். அப்சர்வர்ஷிப், அதாவது ஆஸ்பத்திரியில் பார்வையாளராக இருக்க இடம், கேட்டு அங்குள்ள டாக்டர்களுக்கு மெயில் போடும்போது கூடவே வைக்க வேண்டும். சிபாரிசுக் கடிதம் எழுதித் தரும் பேராசிரியர்களிடம் கொடுக்க வேண்டும், இருநூற்று ஐம்பது பேர் இருக்கும் பேட்சில் அவர்களுக்கு நம் முகம் தெரியும், நாம் என்ன செய்தோம் என்பது நினைவிருக்காது. அப்புறம் எராஸ் கட்டங்களை நிரப்ப அதுதான் மூலப் பிரதி. இந்த மூன்றுக்கும் வேண்டியது சாதாரணக் கறுப்பு எழுத்தும் வெள்ளைத் தாளும்தான்.

அழகைக் கூட மன்னித்திருப்பேன். உள்ளே எழுதியிருந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. நான் ஒரு மாதம் அமெரிக்காவில் அப்சர்வராக இருந்தேன். பெயரிலேயே இருக்கிறது, ஓரமாக நின்று பார்ப்பது, நோயாளியைத் தொடக்கூடாது. அதை இவர்கள் ‘நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தேன்’ என்று எழுதியிருந்தார்கள். இப்படி ஒரு வரி இருந்தால் படிக்கிற டாக்டருக்கு இரண்டு சந்தேகம்தான் வரும், இந்தப் பெண் பொய் சொல்கிறாள், அல்லது அனுமதியில்லாமல் நோயாளியைத் தொட்டிருக்கிறாள். இரண்டில் எது வந்தாலும் என் கதை முடிந்தது. மொழிகள் என்ற இடத்தில் ‘ஹிந்தி, சரளம்’ என்று போட்டிருந்தார்கள். இந்தியா என்றால் ஹிந்தி தெரியும் என்று நினைத்துவிட்டார்கள் போல. எனக்குத் தெரிந்தது தமிழ், ஆங்கிலம், அப்புறம் கொருக்குப்பேட்டை பாட்டி வீட்டுத் தெருவில் விளையாடியதில் ஒட்டிக்கொண்ட தெலுங்கு. நேர்காணலில் எதிரே இருப்பவர் டெல்லிக்காரராக இருந்து ஹிந்தியில் இரண்டு வார்த்தை கேட்டால் என்ன செய்வேன்?

கடைசியாக ஒரு சலுகையும் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் ஏதோ ஓர் ஆய்வுக் கட்டுரையில் என் பெயரையும் ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்த்துவிடுவார்களாம். நான் அந்த மெயிலுக்குப் பதில் போடவில்லை. எராஸில் சமர்ப்பிக்கும்போது ‘இதில் உள்ளதெல்லாம் உண்மை’ என்று உறுதி கூறித்தான் அனுப்ப வேண்டும், அனுப்பிய பிறகு அனுபவங்களையோ கட்டுரைகளையோ மாற்ற முடியாது, பொய் என்று புகார் போனால் விசாரணை உண்டு. அதை விடுங்கள், எழுதாத கட்டுரையைப் பற்றி ஒரு பேராசிரியர் கேள்வி கேட்டால் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பது?

சரி, கடைக்கு வருகிறேன்.

பழைய ஜெயில் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் ஒன்றில், டீக்கடைக்கும் மெடிக்கலுக்கும் நடுவே இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், ஸ்பைரல் பைண்டிங் மெஷின், போட்டோ எடுக்க ஒரு திரை. பலகையில் ‘ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன்’ என்று மட்டும் இருக்கும். ஸ்டான்லியில் பி.ஜி. படிக்கிறவர்கள் தீசிஸ் அடிக்க, பைண்டிங் போட இங்கேதான் வருவார்கள். கடைக்கார அக்கா அந்தக் காலத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். எத்தனை வருஷமாக டாக்டர்களின் தீசிஸை அடித்துக்கொண்டிருக்கிறார் என்றால், கையெழுத்து புரியாத இடத்தில் இது ‘செப்டிசீமியா’வாகத்தான் இருக்கும் என்று அவரே அடித்துவிடுவார், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நான் போனது போட்டோவுக்காகத்தான். எராஸில் ஒரு போட்டோ ஏற்ற வேண்டும். கடைப் பையன் எடுத்து முடித்துவிட்டு வழக்கம்போல ‘கொஞ்சம் வெள்ளை பண்ணிக் குடுக்கட்டா?’ என்றான். வேண்டாம் தம்பி, நேர்காணலுக்கு வேறு ஆள் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றேன். அந்த நேரத்தில் கருநீல ரெஸ்யூமேவைப் பிரிண்ட் எடுக்கலாம் என்று பென் டிரைவைக் கொடுத்தேன். அக்கா திரையில் மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். எல் விடுபட்ட இடத்தில் விரலை வைத்து, என்னைப் பார்த்து, ‘இத்த இப்டியே அனுப்பப் போறியா?’ என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. திருத்தினார். அப்புறம் மிச்சத்தையும் படித்துவிட்டு, ‘இது இன்னாம்மா, கல்யாண மண்டபம் நோட்டீஸ் மாதிரி கீது. நீ இன்னா பண்ணன்னு எங்கயுமே காணோமே’ என்றார்.

நான் ஒரு வருஷம் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் டியூட்டி டாக்டராக இருந்தேன். அதற்கு நிறுவனம் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால், ‘விறுவிறுப்பான சூழலில் உயர்தரமான, நோயாளியை மையப்படுத்திய சேவையை ஆர்வத்துடன் வழங்கினேன்.’ இந்த வரியை யார் வேண்டுமானாலும் தன் ரெஸ்யூமேவில் போட்டுக்கொள்ளலாம், ஒரு ஹோட்டல் சர்வர் கூட. அக்கா கேட்க ஆரம்பித்தார். எத்தனை பெட்? இருபத்து நாலு. ராத்திரி டியூட்டியா? ஆமாம், வாரத்தில் நாலு ராத்திரி. கூட யாராவது டாக்டர் இருப்பாங்களா? இல்லை, நான் ஒருத்திதான், சீனியர் போனில் இருப்பார். அப்ப நெஞ்சு வலின்னு ஒருத்தன் ரெண்டு மணிக்கு வந்தா? இ.சி.ஜி. எடுத்து, ஆஸ்பிரின் கொடுத்து, சீனியரைக் கூப்பிட்டுச் சொல்லி, ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்து, இதய அடைப்பை நீக்கும் கேத் லேப் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். ‘இத்த எழுதாம எதை எழுதிக்கினு கீற?’

அவ்வளவுதான் விஷயம். 24 படுக்கை, வாரம் நாலு இரவு, தனியாக, யாரிடம் எப்போது போன் செய்தேன், எப்படிப்பட்ட நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒரு பெயரடை கிடையாது. எழுதி முடித்ததும் அக்கா எழுத்து எண்ணிக்கையைப் பார்த்தார், 900 தாண்டியிருந்தது. அந்தக் காலத்தில் தந்தி கொடுக்கிறவர்கள் வார்த்தைக்குக் காசு என்று வெட்டுவார்களே, அந்த மாதிரி உட்கார்ந்து வெட்டினோம். ‘வெற்றிகரமாக’ போனது, ‘பல்வேறு’ போனது, ‘பெரிதும்’ போனது. 741ல் வந்து நின்றது. போன வார்த்தைகளில் ஒன்றைக் கூட நான் இன்று வரை தேடவில்லை.

அடுத்தது முகாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், வெள்ளம் ஒரு பக்கம், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது இன்னொரு பக்கம். படகும் வலையும் மட்டுமல்ல, ஆட்களின் கை கால் எல்லாம் கறுப்புப் பிசுபிசுப்பு. அங்கே ஒரு மருத்துவ முகாமில் மூன்று நாள் உட்கார்ந்தேன். இதற்கு நிறுவனம் எழுதிய வரி ‘பின்தங்கிய மக்களுக்குச் சேவை செய்வதில் தீராத வேட்கை கொண்டவர்’ என்பது. அக்காவுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. அவர் வீட்டுக்காரரின் சொந்தங்கள் காசிமேட்டில் இருக்கிறார்கள். ‘யாரு பின்தங்கியவங்க? படகு வெச்சிருக்கவன் பின்தங்கியவனா?’ என்றார். அது எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் நானும் அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மாதான் இருந்தேன். நான் வளர்ந்த ஊரைப் பற்றி யாரோ எழுதிய வரி, அதை என் வாயில் வைத்துப் பேச இருந்தேன்.

மூன்று நாளில் உண்மையில் நடந்தது இது. தோல் எரிச்சல் என்று வந்தவர்களில் நிறைய பேருக்கு எண்ணெய் பட்ட இடத்தை விட அதைத் துடைத்த இடம்தான் மோசமாக இருந்தது. என்னவென்று கேட்டால், பிசுபிசுப்பு போகவில்லை என்று மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்திருக்கிறார்கள். இரண்டாவது நாள் காலையில் நானும் கூட இருந்த இன்னொரு டாக்டரும் ஒரு தாளில் தமிழில் எழுதினோம், மண்ணெண்ணெய் வேண்டாம், சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று. அதைப் பிரதியெடுத்து டீக்கடை, ஏலக்கூடம் என்று ஒட்டினோம். இதை 750 எழுத்தில் எழுதியதும் அக்கா, ‘இந்த நோட்டீஸ் இன்னும் வெச்சிருக்கியா?’ என்று கேட்டார், போனில் போட்டோ இருந்தது. எனக்கு முக்கியமான மூன்று அனுபவங்களில் ஒன்றாக இதைக் குறித்தேன். பிறகு வந்த நேர்காணல்களில் ஒன்று தவிர மற்ற எல்லாவற்றிலும் இதைத்தான் முதலில் கேட்டார்கள். வேட்கையைப் பற்றி எவரும் கேள்வி கேட்க முடியாது, மண்ணெண்ணெயைப் பற்றிக் கேட்கலாம்.

நம் ஊர் ஆஸ்பத்திரி வார்த்தைகள் தனிப் பிரச்சினை. சி.ஆர்.ஆர்.ஐ. என்று போட்டால் அங்கே ஒருவருக்கும் புரியாது, பன்னிரண்டு மாதச் சுழற்சி முறை இன்டர்ன்ஷிப் என்று விரித்து எழுத வேண்டும். கேஷுவாலிட்டி என்றால் அவர்களுக்குச் செத்தவர், காயம்பட்டவர் கணக்கு ஞாபகம் வரும், எமர்ஜென்சி டிபார்ட்மென்ட் என்று போட வேண்டும். தியேட்டர் என்றால் சினிமா, ஆபரேட்டிங் ரூம் என்று மாற்றினோம். ஆர்.எஸ்.ஆர்.எம். என்று எழுதியிருந்தேன், ராயபுரத்தில் பிறந்தவர்களைத் தவிர யாருக்குத் தெரியும்? ஸ்டான்லியோடு இணைந்த அரசு மகப்பேறு மருத்துவமனை என்று ஆக்கினோம். நான் அங்கே இன்டர்னாகப் பார்த்த பிரசவங்களை லாக் புக்கிலிருந்து எண்ணி, கூட நின்றது எத்தனை, மேற்பார்வையில் நானே பார்த்தது எத்தனை என்று பிரித்துப் போட்டோம். தேதியையும் மாதத்தை முன்னால் போட்டு மாற்றினோம், இல்லாவிட்டால் மார்ச் 4ம் தேதி ஏப்ரல் 3 ஆகிவிடும். தாளின் அளவு கூட அவர்களுடையது ஏ4 இல்லை, லெட்டர் என்று ஒன்று, அகலம் கொஞ்சம் கூட, உயரம் கொஞ்சம் குறைவு. அக்காவின் வேர்ட் எப்போதும் ஏ4லேயே நிற்கும், ஒவ்வொரு முறையும் நான் மாற்றச் சொல்லி, அவர் அலுத்துக்கொண்டார்.

பெயர் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் எல்லோரும் இதில் முட்டிக்கொள்வார்கள். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. என் பட்டத்தில் இனிஷியலும் பெயரும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக சர்நேம் இடத்தில். தேர்வுக்குப் பதியும் பெயரும் கையில் கொண்டுபோகும் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும் என்பதால் பாஸ்போர்ட்டில் இருப்பதையே எல்லா இடத்திலும் பிடித்துக்கொண்டேன், ரெஸ்யூமே, மெயில், சிபாரிசுக் கடிதம் எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல். நிறுவனம் ஓரிடத்தில் இனிஷியலை முன்னால் போட்டிருந்தது, இன்னோரிடத்தில் பின்னால். பாஸ்போர்ட் பெயரைப் பிடித்துக்கொண்டதன் விளைவு, நேர்காணல்களில் எல்லோரும் என்னை டாக்டர் என்று சொல்லி அப்பா பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள். எம்.சி. ரோட்டில் நைட்டி, உள்பாவாடை விற்கும் மனிதருக்கு இதைக் கேட்டு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கட்டுரைகள் என்ற பகுதியில் எனக்கு இருந்தது ஒரே ஒரு கேஸ் ரிப்போர்ட், அதுவும் அனுப்பியிருந்தேன், அப்போது இன்னும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. எராஸில் வெளியானது, ஏற்கப்பட்டது, அனுப்பப்பட்டது என்று தனித்தனியாகக் குறிக்க இடமிருக்கிறது. அனுப்பப்பட்டது என்றே குறித்தேன். நிறுவனம் அதை வெளியானது என்று போட்டிருந்தது. இன்டர்ன்ஷிப் முடித்து எட்டு மாதம் நான் எங்கும் வேலை பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்து படித்ததையும் அவர்கள் ஏதோ ‘சுயாதீன ஆராய்ச்சி’ என்று பூசி மெழுகியிருந்தார்கள். ஸ்டெப் தேர்வுக்குப் படித்தேன், அம்மாவுக்கு முழங்கால் அறுவை நடந்தது, கூட இருந்தேன், அதையே எழுதினேன். இரண்டு வரி. ஒரு நேர்காணலில் ‘அம்மா இப்போது எப்படி நடக்கிறார்?’ என்று கேட்டார்கள்.

அப்புறம் கேரம். பொழுதுபோக்கு என்ற இடத்தில் நிறுவனம் ‘வாசிப்பு, பயணம், இசை’ என்று போட்டிருந்தது. அந்த ஒரு மாத அமெரிக்காவை விட்டால் நான் பயணம் போனதெல்லாம் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோவில்தான். அக்கா கடைக்கு எதிரே ஒரு கேரம் கிளப், சாயங்காலம் ஆனால் ஸ்ட்ரைக்கர் அடிக்கிற சத்தம் கடைக்குள் கேட்கும். நான் பத்தாவது படிக்கிற வரை மாமா கூட அந்த மாதிரி கிளப்பில்தான் கிடந்தேன், ஸ்கூல் அளவில் இரண்டு கோப்பை வாங்கியிருக்கிறேன். அதை எழுதச் சொன்னது அக்காதான். அதெல்லாம் ரெஸ்யூமேவில் போடுவாங்களா என்று நான் இழுத்தேன். போடுவார்கள். எராஸில் பொழுதுபோக்கு, கிளப் போன்றவற்றையும் ஓர் அனுபவமாகவே பதியலாம். நான் விண்ணப்பம் அனுப்பிய சில வாரத்தில், நவம்பர் 2024ல், புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். அடுத்து வந்த நேர்காணலில் கேரம் பற்றிக் கேட்டபோது எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி போன மாதம்தான் உங்கள் நாட்டுக்கு வந்து ஜெயித்துவிட்டுப் போனாள் என்று சொன்னேன். பத்து நிமிஷம் அதே பேச்சு. நெருங்கிய சொந்தம் மாதிரி பீற்றிக்கொண்டேன், உண்மையில் காசிமாவை நான் பார்த்தது கூட இல்லை.

இவ்வளவு புகழ்ந்ததால் கடையில் குறையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மதியம் சாப்பாட்டுக்கு மூடினால் நாலு மணி வரை திறக்க மாட்டார். தீசிஸ் சீசனில் போனால் பி.ஜி.க்கள் முந்நூறு பக்கத்தை வைத்துக்கொண்டு அழுகிற முகத்தோடு நிற்பார்கள், நம் இரண்டு பக்கத்துக்கு அங்கே மரியாதை கிடையாது. என் பென் டிரைவுக்கு அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வைரஸ் வந்தது, தம்பி திட்டிக்கொண்டே ஃபார்மேட் செய்தான். பிரிண்டரில் மஞ்சள் மை எப்போதும் தீர்ந்திருக்கும், நமக்குக் கறுப்பு போதும் என்பதால் பிழைத்தோம். பெர்சனல் ஸ்டேட்மென்டுக்கு அக்காவிடம் போகாதீர்கள். அது ஒரு பக்கக் கட்டுரை, நாமேதான் எழுதணும். நான் ஒரு பத்தியைக் காட்டினேன், ‘நல்லா கீது’ என்று சொல்லிவிட்டு லேமினேஷன் போடப் போய்விட்டார். அதைத் திருத்திக் கொடுத்தது என் பேட்சில் ஒரு வருஷம் முன்னால் அமெரிக்கா போன தோழி, ராத்திரி டியூட்டிக்கு நடுவில். ஏற்கெனவே அங்கே போனவர்கள் யாராவது தெரிந்தால் கூச்சப்படாமல் அவர்களுடைய பழைய விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், எந்த நிறுவனத்தின் மாதிரியை விடவும் அது உதவும்.

இன்னொன்றும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை, ஆனால் எழுத்துப் பிழைக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் போட்டார்கள். அந்த மெயிலில் என் பெயர் தப்பாக இருந்தது.

அக்காவிடம் மொத்தம் ஆறு முறை உட்கார்ந்தேன். டைப்பிங், திருத்தம், போட்டோ, பேராசிரியர்களுக்குக் கொடுத்த பிரிண்ட் எல்லாம் சேர்த்து 640 ரூபாய். கேள்வி கேட்டதற்குக் காசு வாங்கவில்லை. செப்டம்பர் கடைசியில் விண்ணப்பம் போனது, இன்டர்னல் மெடிசினுக்கு ஐந்து நேர்காணல் வந்தது, எல்லாம் வீடியோவில், ராத்திரி நேரத்தில், கதவுக்கு வெளியே அம்மா காவல். ரெஸ்யூமேவால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஸ்டெப் 2 மதிப்பெண்ணும் கடிதங்களும் இருக்கின்றன. ஆனால் அந்த ஐந்திலும் என் விண்ணப்பத்திலிருந்து அவர்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் பதில் தேடித் தடுமாறவில்லை. மார்ச்சில் மேட்ச் வாரத்துத் திங்கட்கிழமை ராத்திரி மெயில் வந்தது, இடம் கிடைத்திருக்கிறது என்று. எந்த ஆஸ்பத்திரி என்று வெள்ளிக்கிழமைதான் சொல்வார்கள். அந்த நாலு நாள் என் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஜூனில் கிளம்புகிறேன்.

நிறுவனத்துக்கு ஐந்துக்கு ஒன்று, பி.டி.எஃப். திறந்ததற்காக. கடைக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது வைரஸுக்காக. போகிறவர்கள் வேலை முடிந்ததும் உங்கள் ஃபைலை அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள், அக்காவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. போன வாரம் விசா படிவம் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது பார்த்தேன், ‘டாக்டர் பாப்பா ஃபைனல் ஃபைனல் 7’ என்று என்னுடையது இன்னும் டெஸ்க்டாப்பிலேயே இருக்கிறது, பக்கத்தில் யாரோ ஒருவரின் வாடகை ஒப்பந்தம்.